தோள்பையின் ஆயுள் எங்கே இருக்கிறது?

பர்கூரில் துணி பார்க்கத் தெரியாதவர்கள் குறைவு. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்துத் தேய்ப்பார்கள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து நெசவின் நெருக்கத்தை அளப்பார்கள். ஓர் ஓரத்தைக் கசக்கிவிட்டு, சுருக்கம் எவ்வளவு சீக்கிரம் விடுகிறது என்று கவனிப்பார்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரிக்கு அருகே இருக்கும் இந்த ஊரைக் ‘குட்டி சூரத்’ என்கிறார்கள். ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் ஜவுளி எடுக்க வருகிறார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து பேரம் நடக்கும் சந்தை இது.

ஆனால் தோள்பை வாங்கும்போது இந்தக் கைப்பழக்கம் மட்டும் போதாது. சட்டை உடம்பை மூடுகிறது. பை பாரத்தைத் தூக்குகிறது. தூக்கிப் போட்ட பழைய பை ஒன்றை எடுத்துப் பாருங்கள். நடுத்துணி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பட்டையின் அடி பிய்ந்திருக்கும். ஜிப் வாய் பிளந்திருக்கும். கீழ் மூலை தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கும். கொக்கி உடைந்திருக்கும். துணியும் துணியும், துணியும் பட்டையும், பட்டையும் வளையமும் சேருகிற இடங்களில்தான் பை தோற்கிறது. நீடித்து உழைக்கும் பையைத் தேர்ந்தெடுக்க, அந்தச் சேர்மானங்களைப் பார்க்கப் பழக வேண்டும்.

இந்தப் பகுதிக்கு இது சின்ன விஷயமில்லை. ஓசூரில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆலைகள் இருக்கின்றன. போச்சம்பள்ளியில் ஓலாவின் மின்ஸ்கூட்டர் ஆலை இருக்கிறது. சிப்காட் வளாகங்களில் சிறிதும் பெரிதுமாகப் பல தொழிற்கூடங்கள். ஷிப்டுக்குக் கிளம்பும் ஒருவர் தண்ணீர் பாட்டில், சாப்பாடு, சார்ஜர், பவர் பேங்க், அடையாள அட்டை, மழைக்கோட்டு எல்லாவற்றையும் ஒரே பையில்தான் வைக்கிறார். ஒரு லிட்டர் தண்ணீர் மட்டுமே ஒரு கிலோ. எவர்சில்வர் டப்பாவும் சாப்பாடும் சேர்ந்தால் மொத்தம் 4, 5 கிலோவை எளிதில் தொட்டுவிடும்.

ஐந்து கிலோ எப்போதும் ஐந்து கிலோ அல்ல

ஐந்து கிலோ எடையைப் பூமி இழுக்கும் விசை 49 நியூட்டன். பை சும்மா தொங்கும்போது பட்டையின் இரு முனைகளும் இதை ஏறத்தாழப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்கின்றன. இந்த அளவு விசையை மலிவான பைகூடத் தாங்கும்.

வம்பு அசைவில் வருகிறது. மெல்ல மெல்ல ஏற்றும் பாரத்தைவிட, அதே பாரத்தைத் திடீரென்று ஏற்றினால் மீள்தன்மையுள்ள பொருளில் உச்ச இழுவிசை இரு மடங்காகும் என்பது பொறியியல் மாணவர்கள் முதலில் படிக்கும் பாடங்களில் ஒன்று. பை கொஞ்சம் உயரத்திலிருந்து விழுந்து பட்டையில் தொங்கினால் அது இன்னும் கூடும். வேகத்தடையில் பைக் துள்ளும்போதும், நகரத் தொடங்கிய பஸ்ஸில் ஓடி ஏறும்போதும், பட்டையின் ஒரு முனையை மட்டும் பிடித்துப் பையைத் தூக்கும்போதும் அந்தத் தையல் வாங்குவது இந்தப் பல மடங்கு விசையைத்தான்.

இரண்டாவது, திரும்பத் திரும்ப விழும் பாரம். நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் பை கொஞ்சம் ஏறி இறங்குகிறது. நாளுக்கு 5,000 அடி, வருடத்துக்கு 300 நாள் என்று வைத்துக்கொண்டால் அது 15 லட்சம் இழுப்புகள். ஒரே தடவையில் உடைக்க முடியாத விசையும் பல லட்சம் தடவை விழுந்தால் உடைத்துவிடும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் ரயில் பெட்டிகளின் அச்சுகளைச் சோதித்து இதை நிறுவினார். பொறியியலில் இதற்குக் களைப்பு என்று பெயர். ரயில் அச்சுக்கு வரும் களைப்பு பையின் உலோகக் கொக்கிக்கும் பிளாஸ்டிக் பக்கிளுக்கும் தையல் நூலுக்கும் வருகிறது. கடையில் இழுத்துப் பார்த்தபோது அசையாத கொக்கி ஆறு மாதம் கழித்து நடுரோட்டில் கழன்று விழுவதன் காரணம் இதுதான்.

டெனியர் என்ன சொல்கிறது, என்ன சொல்வதில்லை

பை விற்பவர்கள் ‘600 டெனியர்’, ‘1000 டெனியர்’ என்பார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். 1000 டெனியர் என்றால் 9 கிலோமீட்டர் நூல் ஒரு கிலோ இருக்கும். நம் பஞ்சாலைகளில் வழங்கும் ‘கவுண்ட்’ கணக்கு இதற்கு நேர் எதிர். அங்கே எண் ஏற ஏற நூல் மெலியும். 5,315ஐக் கவுண்ட்டால் வகுத்தால் டெனியர் கிடைக்கும். 40 கவுண்ட் சட்டை நூல் சுமார் 133 டெனியர். 10 கவுண்ட் முரட்டு நூல் சுமார் 531 டெனியர்.

டெனியர் நூலின் பருமனை மட்டும்தான் சொல்கிறது. அது எந்த இழை, எப்படி நெய்தது என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். நைலானை வாலஸ் கரோதர்ஸின் குழு 1935இல் டூபான்ட் ஆய்வகத்தில் உருவாக்கியது. இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது அதன் பலம். பருத்தி இழை கொஞ்சம் நீண்டதுமே அறுந்துவிடும். நைலான் அதைப் போலப் பல மடங்கு நீண்டு கொடுக்கும். உரசும்போது பருத்தி இழை அறுந்து பஞ்சாகிறது. நைலான் இழை வளைந்து கொடுத்துத் தப்பித்துக்கொள்கிறது. ஒரே பருமனில் பாலியெஸ்டர் பையைவிடவும் நைலான் பை உரசலை அதிகம் தாங்குகிறது.

வெயில் என்று வந்தால் கணக்கு மாறுகிறது. சூரியனின் புற ஊதாக் கதிர் நைலானின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கிறது. பாலியெஸ்டர் அதை மேலாகச் சமாளிக்கும். நாள் முழுவதும் பைக்கில் வெயிலில் தொங்கும் பைக்குப் பாலியெஸ்டர் மோசமான தேர்வு அல்ல. நனைந்தாலும் அது ஏறக்குறைய தண்ணீரே குடிக்காது. பருத்திக் கேன்வாஸ் நனைந்தால் வலுவடையும், ஆனால் சீக்கிரம் காயாது. ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடித்து இற்றுப்போகும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவத்திலும் மழை காணும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதை நினைவில் வைக்க வேண்டும்.

துணி போலத் தோன்றினாலும் துணியல்லாத ஒன்றும் உண்டு. கடைகளில் இலவசமாகக் கொடுத்துவந்த மெல்லிய வண்ணப் பைகளை நெய்வதில்லை. பாலிபுரொப்பிலீன் இழைகளைப் பரப்பி, புள்ளி புள்ளியாகச் சூட்டில் ஒட்டியவை அவை. வெயில் பட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்து மண்ணில் கலக்கும். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த பிளாஸ்டிக் தடையில் இவையும் அடங்கும். 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் அந்த இடத்தில் நெய்த பருத்தியைத் திரும்பக் கொண்டுவர முயல்கிறது. காய்கறிக்கும் மளிகைக்கும் மஞ்சப்பை மிக நல்ல பை. ஐந்து கிலோவைத் தினமும் தோளில் தொங்கவிட மட்டும் வேறு கட்டுமானம் வேண்டும்.

தோல் பற்றி ஒரு வார்த்தை. இதே நெடுஞ்சாலையில் சென்னைப் பக்கம் போனால் வாணியம்பாடியும் ஆம்பூரும் வரும். தோல் பதனிடும் தொழிலின் பழைய ஊர்கள். நல்ல தோல் பல ஆண்டு உழைக்கும், தைத்துச் சரிசெய்யவும் முடியும். ஆனால் தோல் போலத் தெரியும் மலிவுப் பைகள் பலவும் துணிமேல் பாலியூரித்தேன் அல்லது பிவிசி பூசியவை. பிவிசி பூசிய ரெக்சினில் மிருதுத்தன்மைக்காகக் கலந்த எண்ணெய் போன்ற பொருள் மெல்ல வெளியேறி, ரெக்சின் விறைத்து வெடிக்கும். பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து சிதையும். பீரோவில் பத்திரமாக வைத்த பையின் உட்பூச்சு பிசுபிசுத்து உரிவது இதனால்தான். பயன்படுத்தாமல் வைத்தாலும் அதன் ஆயுள் குறைந்துகொண்டேதான் போகும்.

கிழிசல் தொடங்கும் புள்ளி

1913இல் சார்லஸ் இங்லிஸ் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் ஒரு தகட்டில் ஓட்டை போட்டால் என்ன ஆகும் என்று கணக்கிட்டார். வட்டமான ஓட்டையின் விளிம்பில் இழுவிசை மூன்று மடங்காகிறது. ஓட்டை நீண்டு முனை கூராகக் கூராக அது இன்னும் பல மடங்கு ஏறுகிறது. அதாவது, ஒரு பொருள் முழுவதும் சமமாகப் பாரம் தாங்குவதில்லை. மூலையிலும் கூர்முனையிலும்தான் பாரம் குவிகிறது.

இந்தக் கணக்கு தெரியாமலேயே தையற்காரர்கள் இதன் பலனைக் கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் நெவாடாவில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரர், உழைப்பாளிகளின் கால்சட்டைப் பாக்கெட் மூலைகள் எப்போதும் கிழிவதைப் பார்த்து, அங்கே செம்பு ரிவெட் அடித்தார். 1873இல் அவரும் லீவை ஸ்ட்ராஸும் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். இன்றும் ஜீன்ஸ் பாக்கெட் மூலையில் அந்த ரிவெட் இருக்கிறது.

பையில் இதே இடங்கள் எவை? பட்டை தொடங்கும் அடி, பாக்கெட் வாயின் இரு ஓரங்கள், ஜிப் முடியும் முனைகள், கீழ் மூலைகள். பட்டையின் அடியில் ஒற்றை வரித் தையல் மட்டும் இருந்தால் முழுப் பாரமும் அந்த வரியின் ஓரத் தையல் ஒன்றில் குவியும். அது அறுந்ததும் அடுத்தது, பிறகு அதற்கடுத்தது. சதுரமாகத் தைத்து உள்ளே பெருக்கல் குறி போட்டால் பாரம் பல திசைகளில் பிரிந்துபோகும். பாக்கெட் ஓரத்தில் நெருக்கமாக முன்னும் பின்னும் ஓடிய குட்டித் தையல் கட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ரிவெட்டின் வேலையை அங்கே நூல் செய்கிறது.

தையலை நெருக்கினால் வலு கூடும் என்பதும் ஓரளவுக்குத்தான் உண்மை. ஒவ்வொரு தையலுக்கும் ஊசி ஓர் ஓட்டை போடுகிறது. 18ஆம் நம்பர் ஊசி 1.1 மில்லிமீட்டர் தடிமன். தோலிலும் பூச்சுத் துணியிலும் அந்த ஓட்டை மூடிக்கொள்வதில்லை. மிக நெருக்கமாகத் தைத்தால் தபால்தலைத் தாளின் ஓட்டை வரிசைபோல அந்தக் கோடே கிழிய வழிகாட்டும். பைக்குத் தடித்த நூலில் அங்குலத்துக்கு 6 முதல் 8 தையல் போதும்.

தையலின் வகையும் முக்கியம். வீட்டுத் தையல் எந்திரம் போடுவது பூட்டுத் தையல். மேல்நூலும் பாபின் நூலும் துணிக்குள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. ஓரிடத்தில் அறுந்தாலும் மற்றவை நிற்கும். சிமென்ட் மூட்டை வாயில் இருப்பது சங்கிலித் தையல். சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் கழன்றுவரும். மூட்டையைப் பிரிக்க அது வசதி. பையின் பாரம் தாங்கும் இடத்தில் அது ஆபத்து.

பட்டை எதுவரை ஓடுகிறது?

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பார்க்க நேரம் இருந்தால் இதைப் பாருங்கள். பல பைகளில் பட்டை மேல்விளிம்பில் இரண்டு அங்குலம் தைத்து முடிந்துவிடும். அங்கிருந்து கீழே முழுப் பாரத்தையும் துணிதான் தாங்க வேண்டும். நல்ல பைகளில் பட்டை பையின் பக்கவாட்டில் இறங்கி, சிலவற்றில் அடியைச் சுற்றி மறுபக்கம் ஏறும். அப்போது பாட்டிலும் டப்பாவும் உட்கார்ந்திருப்பது பட்டையின்மேல். துணி வெறும் சுவர். பாரம் தோளிலிருந்து அடிவரை ஒரே நாடாவில் அறாமல் ஓடுவதால், 500 டெனியர் துணிகூட அங்கே பல வருடம் நிற்கும். பட்டை மேலேயே முடிந்துவிட்ட பைக்கு 1000 டெனியர் துணி போட்டாலும் பெரிய பயனில்லை.

தூசு என்ற அரம்

பர்கூர், கிருஷ்ணகிரி வட்டாரம் கிரானைட்டுக்குப் பேர்போனது. குவாரியும் அறுப்புப் பட்டறைகளும் இருக்கும் இடத்தில் கல்தூசு காற்றில் இருக்கும். கிரானைட்டில் இருப்பவை முக்கியமாகக் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும். 1812இல் ஃபிரீட்ரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை வரிசையில் இவை 7, 6. பித்தளை சுமார் 3. துத்தநாகம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. நைலானைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்தக் கடினமான துகள் பையின் நெசவுக்குள் புகுந்துவிட்டால், பை ஒவ்வொரு முறை மடங்கும்போதும் உள்ளிருந்தே இழையை அராவும். வெளியே தேய்மானம் தெரியாமலே நூல் மெலிந்துபோகும். எனவே கல்தூசு படும் வேலைக்குப் போகிறவர்கள் பையை உதறி, அவ்வப்போது அலசி நிழலில் காயவைப்பது பையின் ஆயுளை நேரடியாகக் கூட்டும்.

தூசு முதலில் தின்பது ஜிப்பைத்தான். ஜிப் கெட்டுவிட்டது என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் பற்கள் நன்றாகவே இருக்கும், தேய்ந்திருப்பது ரன்னர். மென்மையான கலப்பு உலோகத்தில் வார்த்த ரன்னரின் உட்சுவரைக் குவார்ட்ஸ் தூசு தேய்க்கத் தேய்க்க, இரண்டு வரிசைப் பற்களையும் இறுக்கி அழுத்தும் இடைவெளி அகலமாகிறது. பற்கள் கோத்துக்கொள்ளாமல் விட்டுவிடுகின்றன. ரன்னரை மட்டும் மாற்றினால் ஜிப் மறுபடியும் உழைக்கும். ஜிப்பின் 5, 8, 10 என்ற நம்பர், மூடிய பற்களின் அகலத்தை ஏறத்தாழ மில்லிமீட்டரில் சொல்வது. முக்கிய அறைக்கு 8 அல்லது 10, சின்னப் பாக்கெட்டுக்கு 5 என்று இருந்தால் நல்லது. ஜிப் திடீரென்று வளையும் மூலையில் ரன்னர் ஒரு பக்கமாகத் தேயும். நேராகவோ பெரிய வளைவாகவோ ஓடும் ஜிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

தோளும் ஒரு சேர்மானம்தான்

பட்டை தோளைத் தொடும் இடமும் கவனிக்க வேண்டியதே. 5 கிலோ பாரம், 2.5 சென்டிமீட்டர் அகலப் பட்டை, தோளில் 10 சென்டிமீட்டர் நீளம் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சதையின்மேல் விழும் அழுத்தம், இரத்த அழுத்தக் கணக்கில் சொன்னால், சுமார் 147 மில்லிமீட்டர் பாதரசம். தோலடியில் ஓடும் நுண்குழாய்களில் இரத்தம் ஓடுவது ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் அழுத்தத்தில். அந்தப் பட்டைக்குக் கீழே நுண்குழாய்களில் இரத்த ஓட்டம் தடைபடும்; மரத்துப்போவதும் சிவப்புத் தடம் விழுவதும் அதனால்தான். பட்டையை 5 சென்டிமீட்டர் ஆக்கினால் அழுத்தம் பாதியாகும். கெட்டியான தோள் மெத்தை இருந்தால் படும் பரப்பு கூடி இன்னும் குறையும்.

ஒரே தோளில் தொங்கும் பை நழுவாமல் இருக்க நாம் அறியாமலே அந்தத் தோளைத் தூக்கி வைத்திருக்கிறோம். மணிக்கணக்கில் கழுத்துத் தசை தளராமல் நிற்கிறது. பட்டையைக் குறுக்காக மாட்டி, பையை இடுப்பை ஒட்டி உயர்த்திக் கட்டினால் இந்தச் சிரமம் குறையும். 2020இல் வெளிவந்த மத்திய அரசின் பள்ளிப் பைக் கொள்கை, குழந்தையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. குழந்தைகளுக்கு வகுத்த அந்த அளவைத் தினமும் பை மாட்டும் பெரியவர்களும் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

கடையில் செய்ய வேண்டியது

பையை உள்பக்கம் திருப்புங்கள். வெட்டிய துணி ஓரங்கள் நாடாவால் மூடித் தைத்திருக்கின்றனவா, நூல் பிரிந்து தொங்குகிறதா என்று பாருங்கள். தையலுக்கு இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து விரித்துப் பாருங்கள். இடைவெளி விட்டு நூல் பல்லைக் காட்டினால் வேண்டாம். பட்டையின் அடியைத் தடவி அது எதுவரை ஓடுகிறது என்று கண்டுபிடியுங்கள். உலோக வளையத்தின் வாய் பற்றவைத்து மூடியிருக்கிறதா என்று நகத்தால் வருடிப் பாருங்கள். ஜிப்பை ஒரே கையால் பல தடவை ஓட்டுங்கள். கடைசியாக, உங்கள் பாட்டிலையும் டப்பாவையும் உள்ளே வைத்து மாட்டிப் பாருங்கள். காலிப் பை எல்லாமே தோளில் சுகமாகத்தான் இருக்கும்.

விலையை நாள் கணக்கில் போடுங்கள். 300 ரூபாய்ப் பை நான்கு மாதம் வந்தால் நாளுக்கு இரண்டரை ரூபாய். 900 ரூபாய்ப் பை மூன்று வருடம் வந்தால் நாளுக்கு ஒரு ரூபாய்க்கும் குறைவு. ஆனால் மாதக் கடைசியில் மொத்தமாக 900 எடுத்து வைக்க முடியாதவர்தான் ஒவ்வொரு முறையும் 300 கொடுத்து, கடைசியில் அதிகம் செலவழிக்கிறார். எனவே குறைந்த விலைப் பையும் நன்றாகத் தைக்கப்பட வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. பெருக்கல் குறித் தையலுக்கும் அடிவரை ஓடும் நாடாவுக்கும் ஆகும் கூடுதல் செலவு, மொத்த விலையில் சிறு பங்குதான்.

பழுது பார்க்க முடிவதும் உறுதியின் ஒரு பகுதி. பஸ் நிலையத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் தையல் தொழிலாளி ரன்னரை மாற்றிப் பட்டையை மறுபடி தைத்துக் கொடுத்தால் பைக்கு இன்னொரு ஆயுள் கிடைக்கிறது. கொக்கியில் மாட்டிக் கழற்றும் பட்டையும், பிரிக்க முடிந்த உள்துணியும் உள்ள பைகளில் அவர் கை நுழைய இடம் இருக்கும். நைலான், பிவிசி, உலோகம், நுரை எல்லாம் ஒட்டிக்கிடக்கும் பையைக் குப்பையில் போட்டால் அதைப் பிரித்து மறுசுழற்சி செய்வது மிகக் கடினம். தைத்துத் தைத்துப் பயன்படுத்துவதுதான் அதற்கு நாம் செய்யக்கூடிய நல்லது.

பர்கூர் மொத்த வியாபார ஊர். இங்கே வாங்குபவர் எதைக் கேட்கிறாரோ, அது கொள்முதல் வழியாகத் தைப்பவர்வரை போய்ச் சேரும். தைத்து வந்த சரக்கு இங்கிருந்து மூன்று மாநிலத்துச் சிற்றூர்க் கடைகளுக்குப் போகும். நூலின் தரத்தை விரலால் அறியும் இந்த ஊர், தையலின் தரத்தையும் அப்படியே கேட்கத் தொடங்கினால், விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பல ஆயிரம் தோள்களுக்கு அது நேரடி உதவி.